மீனுக்கு முன் தண்ணீருக்கு வைத்தியம்

கவனிப்பாரற்றுக் கிடக்கும் கண்ணாடித் தொட்டிகளில் அதிகம் அகப்படுவது தங்கமீன்தான். விலை மலிவு, நிறம் கண்ணைப் பறிக்கும், எப்படிப்பட்ட தண்ணீரிலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அதனால் பிறந்தநாள் பரிசாகவும் கடை மேசை அலங்காரமாகவும் சுலபமாகக் கைமாறுகிறது. பிள்ளைகளின் ஆசை வடிந்ததும் தொட்டி ஒரு மூலைக்குப் போய்விடும். தண்ணீர் மஞ்சளித்து, கண்ணாடியில் பாசி படர்ந்து, உள்ளே மீன் இருப்பதே மறந்துபோகும். நாலைந்து மாதத்தில் மீன் செத்தால், அதன் ஆயுசே அவ்வளவுதான் என்று வீட்டார் தேற்றிக்கொள்வார்கள். உண்மை அதுவல்ல. ஒழுங்காக வளர்க்கப்படும் தங்கமீன் 10 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, அதாவது 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது.

இப்படிப்பட்ட தொட்டியில் நோயுற்றிருக்கும் மீனைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். துடுப்புகளை விரிக்காமல் உடலோடு ஒட்ட மடக்கி வைத்திருக்கும். அடித்தரையில் அசையாமல் கிடக்கும். இல்லையென்றால் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொள்ளும். வால் துடுப்பில் இரத்தக் கோடுகள் ஓடியிருக்கும், ஓரங்கள் கந்தலாகி இருக்கும். இவ்வளவையும் பார்த்ததும் என்ன நோய், என்ன மருந்து என்றுதான் மனம் ஓடும். ஆனால் பெரும்பாலும் நோய் மீனில் தொடங்கியதல்ல, தண்ணீரில் தொடங்கியது.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து பரவிவிடும். சில லிட்டர் தண்ணீரில் அதற்குப் போக்கிடம் இல்லை. மிஞ்சிய தீனியும் எச்சமும் அழுகி அதே அம்மோனியாவைக் கூட்டுகின்றன. நன்கு பழகிய தொட்டியில் இதைக் கவனித்துக்கொள்ள பாக்டீரியாக்கள் உண்டு. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டால் வரும் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் வாழ்வது தண்ணீரில் அல்ல; பில்டரின் ஸ்பாஞ்சிலும் சரளைக்கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பில்டர் இல்லாத உருண்டைக் கிண்ணத்தில் இவை தங்கிப் பெருக இடமே கிடையாது. இத்தாலியின் மோன்ஸா நகரம் 2004-இலும் ரோம் நகரம் 2005-இலும் தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வளர்ப்பதற்குத் தடை விதித்தன. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நியாயமான சட்டம்தான்.

தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் உதவி. பல மாதம் தாக்குப்பிடித்த மீன் அந்த இரவே செத்துப்போவதும் இதனால்தான். காரணம் இது: கழிவு மாற்றம் நடக்க நடக்கத் தண்ணீரின் காரத்தன்மை செலவாகிக்கொண்டே வரும். நீண்ட நாள் மாற்றாத தண்ணீர் அமிலத்தன்மை அடைந்து, பி.எச் அளவு இறங்கிவிடும். அந்த நிலையில் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடுவதால் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் நச்சு குறைந்த அம்மோனிய அயனியாக இருப்பதால் மீன் எப்படியோ உயிரோடு இருக்கும். அதில் பாதியை மட்டும் இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பி.எச் சட்டென்று ஏறும். பி.எச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மீதமிருக்கும் கழிவே விஷமாக மாறி மீனைக் கொல்லும். தண்ணீர் முழுவதையும் மாற்றினாலும் ஆபத்து விடுவதில்லை. பல மாதங்களாகப் பழகிய உப்புச் செறிவும் வெப்பமும் பி.எச்சும் ஒரு நிமிடத்தில் மாறும் அதிர்ச்சியை மெலிந்த உடல் தாங்காது.

ஆகவே அழுக்கேறிய பழைய தொட்டியில் அவசரம் கூடாது. முதல் நாள் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை, அடியில் படிந்த கசடோடு சேர்த்து, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே வெப்பத்தில் உள்ள நல்ல தண்ணீரை மெதுவாக விட வேண்டும். காலையும் மாலையும் இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் பெரும்பகுதி மாறிவிடும். வாங்கி இரண்டு வாரமே ஆன கிண்ணத்து மீன் தவிக்கிறதென்றால் கதை வேறு. அங்கே பி.எச் இன்னும் இறங்கியிருக்காது. அம்மோனியா நேரடியாகச் செவுளைச் சுட்டுக்கொண்டிருக்கும். பாதித் தண்ணீரை உடனே மாற்றுவதே முதலுதவி. எது எந்த நிலை என்று கண்ணால் சொல்ல முடியாது. மீன் கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் சொல்லிவிடும். மருந்து வாங்கும் காசில் முதலில் இதை வாங்குவது மேல்.

புதிதாக விடும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. அது செவுளின் மெல்லிய திசுவை அரித்துவிடும். மாநகராட்சித் தண்ணீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரமைன் கலந்த தண்ணீருக்கு இந்த வழி உதவாது. கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று தரும் சோடியம் தயோசல்பேட் குளோரினை முறிக்கும் என்றாலும், குளோரமைனிலிருந்து பிரியும் அம்மோனியாவை அது அகற்றாது. அதற்கென்று தனி மருந்து உண்டு.

அடுத்தது காற்று. 20 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். தங்கமீனுக்கு இதமானது 18 முதல் 24 டிகிரி வரை. நம் ஊர்க் கோடையில் அறைத் தண்ணீரே முப்பதைத் தொடும். செவுள் புண்பட்ட மீனுக்கு இருக்கிற ஆக்சிஜனையும் இழுக்க முடியாது. அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, பக்கங்களில் துணியோ காகிதமோ மறைப்பாக வைத்தால் மீன் மிரளாமல் இருக்கும்.

மருந்துகளில் முதலிடம் சாதாரணக் கல் உப்புக்கு. நன்னீர் மீனின் உடலுக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றவே மீனின் சக்தியில் ஒரு பங்கு செலவாகிறது. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு சேர்த்தால் அந்தச் சுமை குறையும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதையும் தடுக்கும். இருபது லிட்டர் தண்ணீருக்கு இருபது கிராமில் தொடங்கி, தனியே கரைத்து, ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. எனவே ஆவியானதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீருக்கு உப்பு சேர்க்கக் கூடாது, இறைத்த அளவுக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். செடிகளுக்கு இந்த உப்பு ஆகாது.

தீனி விஷயத்தில் பாசம்தான் பகை. மெலிந்த மீனைக் கண்டால் அள்ளிப் போடத் தோன்றும். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. முதல் ஓரிரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. பிறகு ஊறவைத்த பெல்லட் இரண்டொன்று, அல்லது தோல் நீக்கி வேகவைத்து மசித்த பச்சைப் பட்டாணி போதும். வயிறு உப்பிய உருண்டை வகை மீன்கள் தலைகீழாக மிதப்பது பல சமயம் மலச்சிக்கலால்தான். அவற்றுக்குப் பட்டாணியே மருந்து.

ஒரு வாரத்துக்குப் பிறகு மாற்றம் தெரியத் தொடங்கும். முதலில் முதுகுத் துடுப்பு நிமிரும். கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போன்ற, நிறமற்ற மெல்லிய விளிம்பு வளரும். புதுத் திசு அது. சில மீன்களின் உடலிலும் துடுப்பு நுனியிலும் கரி பூசியதுபோல் கறுப்புத் திட்டுகள் தோன்றும். புதிதாகப் பார்ப்பவர் நோய் முற்றிவிட்டதாகப் பயந்து மருந்தைத் தேடி ஓடுவார். அம்மோனியா சுட்ட இடம் ஆறும்போது வரும் நிறம் அது. தண்ணீர் சுத்தமாக இருந்தால் சில வாரத்தில் தானே மறையும்.

தண்ணீர் சீரான பிறகும் தேறாத மீனுக்குத்தான் மற்ற மருந்துகள். உடலெங்கும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது 'இக்' எனப்படும் ஒட்டுண்ணி. தோலுக்கடியில் இருக்கும்போது அதை எந்த மருந்தும் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, பல்கிப் பெருகி, குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும் சமயத்தில்தான் அவை மருந்துக்கு அகப்படும். புள்ளி மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துவோர் இரண்டாம் முறை அவதிப்படுவது இதனால்தான். மேலும் சில நாள் தொடர்ந்தாக வேண்டும். பஞ்சு போல் படர்ந்த பூஞ்சைக்கு மெத்திலின் ப்ளூ உண்டு. அது பில்டர் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் தனி டப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். என்ன நோய் என்றே தெரியாமல் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொட்டியில் கரைப்பது எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளைத்தான் வளர்க்கும்.

வயிறு வீங்கி, செதில்கள் எல்லாம் சிலிர்த்து நிற்கும் நிலைக்கு வந்த மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உள்ளுறுப்புகள் செயலிழந்ததன் அடையாளம் அது. மீனுக்கு வலி தெரியாது என்ற பழைய நம்பிக்கையை, 2003-இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் ட்ரவுட் மீன்களின் தலையில் வலியுணர் நரம்புகளைக் கண்டறிந்த ஆய்வு அசைத்துவிட்டது. பிழைக்க வழியில்லாத மீனைக் கழிப்பறையில் கொட்டுவது கொடுமை. கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கலந்து சிறுகச் சிறுக ஊற்றினால் மீன் முதலில் மயங்கும். அளவைக் கூட்டினால் அந்த மயக்கத்திலேயே உயிர் போகும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அதே நீரில் விட்டுவைக்க வேண்டும்.

தேறிய மீனைப் பழைய கிண்ணத்துக்கே அனுப்பினால் பட்ட பாடு வீண். ஒற்றைத் தங்கமீனுக்கே ஸ்பாஞ்ச் பில்டரோடு 60, 70 லிட்டர் தொட்டி வேண்டும். வாரந்தோறும் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். வேறு மீன்களோடு சேர்ப்பதானால் மூன்று நாலு வாரமாவது தனியே வைத்து, வலையும் வாளியும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் வளர்ப்பவர் யாருக்காவது கொடுக்கலாம், கடைக்காரரிடமே திருப்பித் தரலாம். ஏரியிலோ கோயில் குளத்திலோ விடக் கூடாது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடப்பட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்து, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கின்றன.