'லீவ்' என்றொரு சொல்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், பெரியவர் ஒருவர் மடித்த கடிதமொன்றுடன் எம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, மகனுக்கு லீவ் இல்லையெண்டு எழுதியிருக்கிறாங்களாம். அப்ப நாங்கள் போகத் தேவையில்லைத்தானே?"

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கடிதத்தை விரித்த எனக்கோ நெஞ்சு திடுக்குற்றது. பிரித்தானியாவில் தங்குவதற்கான அனுமதி மகனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுக்குரிய 14 நாட்களில் 11 நாட்கள் அந்த நிம்மதியிலேயே கழிந்துவிட்டன.

இதனைப் பெரியவரின் பிழையென்று கூற என் மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூட 'லீவு' எமக்குச் சிறுபராயம் முதலே பழகிய சொல். இங்கு வந்தபின் அதே ஒலியை 'வெளியேறு' என்னும் பொருளிலேயே அதிகம் கேட்கிறோம். 'லீவ்' மறுக்கப்பட்டதெனின் வெளியேற்றமே மறுக்கப்பட்டதென அவர் கருதினார். தருக்கத்தில் குறையில்லை.

உண்மையில் இவை ஒரே வடிவில் வந்து சேர்ந்த இரு வேறு சொற்கள். பெயர்ச்சொல்லாகிய 'லீவ்' பழைய ஆங்கிலத்தில் அனுமதியையே குறித்தது. ஜெர்மனியில் வாழும் எம்மவர் நன்கறிந்த 'உர்லவுப்' அதன் உறவுச்சொல். வினைச்சொல்லோ 'எஞ்சியிருக்க விடுதல்' என்னும் பொருளிற் பிறந்தது. திறப்பை மேசையில் விட்டு வந்தேன் என்னும்போது திறப்பு அங்கேயே இருக்கிறதல்லவா? விட்டவன் அகன்றான் என்பதே பின்னர் முதன்மை பெற்றது.

சுகவீனமுற்ற தொழிலாளி 'சிக் லீவ்'இல் நிற்கிறார். வேலைக்கு வராதிருக்க அவருக்குக் கிடைத்த அனுமதி அது. லீவ் இன்றி மறையும் போர்வீரன் தண்டனைக்கு உள்ளாகிறான். விருந்தினர் லீவ் எடுத்துக்கொண்டு எழும்புகிறார். இது எமது விடைபெறுதலேயாம். 'விடை' என்னும் எம் சொல்லும் அனுமதியையும் பிரிவையும் ஒருங்கே சுமப்பது. சொல்லாமல் நழுவுவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு லீவ்' என்பர். பிரெஞ்சுக்காரரோ அதனை ஆங்கிலேயர் பாணி என்பர்!

1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இப்பழம்பொருளை இன்றும் விடாது பற்றி நிற்கிறது: உள்நுழைய லீவ், தங்கியிருக்க லீவ். இங்கிலாந்தின் குடியியல் நீதிமன்றங்கள், பாமரருக்கும் விளங்கட்டுமென்று, 1999இல் இச்சொல்லை நீக்கிப் 'பெர்மிஷன்' என்று மாற்றிக்கொண்டன. ஆங்கிலம் அறவே அறியாதோரும் வாசிக்க நேரும் கடிதங்களுக்கு மட்டும் அந்த இரக்கம் எட்டவில்லை. 2016 சர்வசன வாக்கெடுப்பில் 'லீவ்' ஒருபுறமும் 'றிமெயின்' மறுபுறமுமாக நாடே பிளவுண்டது. அகதியின் கடிதத்திலோ இரண்டும் அருகருகே, 'லீவ் ரு றிமெயின்' என்று.

இவற்றையெல்லாம் அன்று பெரியவருக்கு விளக்க நேரமிருக்கவில்லை. சட்டத்தரணி ஒருவரைத் தொலைபேசியிற் பிடித்தபின்னரே அமர்ந்தோம்.

"அப்ப, லீவ் கிடைச்சால் இருக்கலாம். கிடைக்காட்டிப் போகவேணும். அப்பிடியே?"

"ஓம் ஐயா."

அவர் நெடுநேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேன்முறையீடு 13ஆம் நாள் அனுப்பப்பட்டது. பதில் இன்னமும் வரவில்லை.