பாசிர் ரிஸ்ஸில் ஒரு சாயாத சீசா

கதவைத் திறந்ததுமே இறகு! பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீவக வீடு. அதில் ஒரு சின்ன அறை, சுவரோரமாக ஒரு மேசை. சேவல் கழுத்து இறகு ஒரு பக்கம், மயில் பீலி ஒரு பக்கம், பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றிய மான் வால் மயிர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு வைஸ், அதன் வாயில் ஒற்றைத் தூண்டில் முள். மீன்களை ஏமாற்றும் ‘ஃபிளை’ என்ற பொய் இரை பிறப்பது இங்கேதான். கீழே பாசிர் ரிஸ் பூங்காவில் காட்டுக்கோழிகள் நிஜமாகவே கூவித் திரிகின்றன. மேலே வந்தால் மேசை நிறைய இறகு. உள்ளே நுழைந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் நான் வந்தது இறகைப் பார்க்க இல்லை, பசையைப் பார்க்க. ஃபிளை கட்டுகிறவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்: அவர்கள் நடுங்குவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். சீசா சாய்கிற ‘டொக்’! விலைகொடுத்து வாங்கிய சேவல் கழுத்து முழுதும் ஒரே கட்டியாக ஒட்டிப்போக ஒரு நிமிடம் போதும்.

“எங்கண்ணே பசை?” என்று ஃபிளை கட்டும் வீட்டுக்கார அண்ணனைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மேசையின் இடது மூலையைக் காட்டினார். அங்கே இருந்தது அஞ்சறைப் பெட்டி! சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. கடுகு இருக்கவேண்டிய கிண்ணத்தில் தூண்டில் முள், சீரகக் கிண்ணத்தில் உலோகக் கண்மணிகள், வெந்தயத்தின் இடத்தில் மினுக்கு இழை. நடுக் கிண்ணத்தில் கழுத்துவரை புதைந்து நிற்கிறது பசை சீசா. சுற்றிலும் புளூ டேக்கை அழுத்தி இறுக்கியிருக்கிறார்.

“தட்டிப் பாருங்க தம்பி.”

தட்டினேன். அசையவில்லை. முழங்கையால் இடித்தேன். பெட்டி அரை அங்குலம் நகர்ந்தது, சீசா நிமிர்ந்தே நின்றது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

சீசா ஏன் சாய்கிறது என்று அவர் விளக்கியபோதுதான் இந்த மேசையின் அழகு புரிந்தது. பசை சீசாக்கள் பெரும்பாலும் உயரம், அடிப்பாகமோ குறுகல். மூடி திறந்திருக்கும்போது கட்டுகிறவரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும், கண்ணோ முள்ளின் மேல். வலக்கை நூல் சுற்றும், நூல் தாங்கும் பாபின் ஊசலாடும், நீளமான மயிர்க்கற்றை மேசை மேல் வீசிப்போகும். ஆகவே அண்ணனின் முதல் விதி: நூல் சுற்றும் கை போய்வரும் பாதையில் பசை நிற்கக்கூடாது. வலக்கைக்காரருக்குப் பசையின் இடம் இடப்பக்கம். அதுவும் வைஸுக்குப் பின்னால். இரண்டாவது, பெரிய சீசாவை மேசைக்கே கொண்டுவருவதில்லை. நக மெருகு சீசா அளவுள்ள குட்டிக் குப்பியில் பாதி மட்டும் ஊற்றிக்கொள்கிறார். சாய்ந்தாலும் போவது சில துளிதான். பசையை எடுப்பதோ ஊசி முனையில், ஒரு நேரத்தில் ஒரு சொட்டு.

இப்போது வேடிக்கை ஆரம்பம்! அன்றைக்கு அவர் கட்டியது கிளவுசர் மின்னோ. பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் 1980களில் பாஸ் மீனுக்காக உருவாக்கிய இந்த ஃபிளை இன்று உலகமெங்கும் கடல்மீனுக்கும் போகிறது. நம்மூர்க் கொடுவாவுக்கும் பிடிக்கும். முள்ளின் மேல் இரட்டைக் கண்மணியை வைத்து நூலை எட்டு வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகிறார். கண் ஆடுகிறது. ஊசி முனையில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. நின்றுவிட்டது! அந்தக் கண்ணின் எடையால்தான் ஃபிளை தண்ணீருக்குள் தலைகுப்புறப் பாய்ந்து பாய்ந்து எழும். ஒரு சொட்டு இல்லாவிட்டால் கண் சுழன்றுவிடும், ஃபிளையும் கோணலாக நீந்தும்.

அந்தச் சொட்டுக்கு ஒரு பழங்கதை உண்டு. 1942இல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹேரி கூவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது, தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்ளும் இந்த சயனோஅக்ரிலேட் கையில் சிக்கியது. தொல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அவருடைய குழுவிலிருந்த ஃபிரெட் ஜாய்னர் அதை ஒளிவிலகல்மானியின் இரு கண்ணாடிகளுக்கிடையே தடவ, கண்ணாடிகள் பிரிய மறுத்தன. 1958இல் கடைக்கு வந்தது. அதை இறுகவைப்பது காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரம். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும், கேட்கவா வேண்டும்! திறந்த குப்பி இங்கே சீக்கிரமே கெட்டியாகும். அண்ணன் அதை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகா டப்பாவில் போட்டு, சாப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லாத குட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறார். வெளியே எடுத்ததும் திறப்பதில்லை; அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கிறார். இல்லையென்றால் குளிர்ந்த குப்பிக்குள் ஈரம் படியும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார், நானும் அழுத்தியே எழுதுகிறேன். சூப்பர் குளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறும். புகையும், தோலையும் சுட்டுவிடும். அவர் மேசை விரிப்பு சிலிக்கோன். பசை அதில் பிடிப்பதில்லை. காய்ந்தபின் தோலாக உரித்து எறிகிறார். எனக்காகவே ஒரு சொட்டு விட்டு உரித்துக் காட்டினார். அப்படி ஒரு சந்தோஷம் அதில்! விரலில் ஒட்டினால் பிய்க்கக்கூடாது, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்கவேண்டும்.

மேசை ஏன் ஜன்னலோரம் இல்லை? தலைப்பாகத்தில் பூசும் பிசின் புற ஊதா ஒளியில் இறுகுவது. வெயில் விழும் இடத்தில் திறந்து வைத்தால் ஊசிவாயிலேயே கல்லாகிவிடும். அடைத்த வாயை அழுத்தினால் என்ன ஆகும்? பக்கவாட்டில் பீய்ச்சும்! காற்றாடிக்கும் இதே மாதிரி ஒரு சமரசம். இறகு கட்டும்போது அணைக்கிறார். அரக்கு மாதிரியான பழைய பசையைத் தொடும்போது இறகெல்லாம் டப்பாவுக்குள் போகிறது, நெடி வெளியேற ஜன்னல் திறக்கிறது, காற்றாடி சுழல்கிறது.

அந்தப் பழைய அரக்குப் பசைக்கும் நம் மலைகளுக்கும் ஒரு தொடர்பு இருப்பதை இங்கேதான் சொல்லவேண்டும். விக்டோரியா காலத்து சால்மன் ஃபிளைகளில் கன்னம்போல் பதித்த மெழுகுப் பளபளப்புள்ள இறகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. இன்று இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது, அதுதான் சரி. பழைய சேகரிப்புகளில் அந்த இறகு பிளந்திருப்பதுண்டு. பிளவைச் சேர்க்க ஊசிமுனையில் எடுத்த அரக்கின் ஒரு மெல்லிய பூச்சு போதும். ஒரு சொட்டு அதிகமானால் பளபளப்பே போய்விடும்.

கடைசி ரகசியம் மூடியில். சீசாவின் மரைகளில் துளி வாஸ்லின் தடவி வைக்கிறார். மூடி ஒட்டிக்கொண்டால் பல்லைக் கடித்துத் திருகுவோம். திடீரென்று விடும்போதுதான் பாதி பசை மடியில்! வாஸ்லின் இருந்தால் இரண்டு விரலால் திறக்கிறது.

பிடோக் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க ஒதுக்கிய இடங்களில் செயற்கை இரை மட்டும்தான் அனுமதி. அங்கிருக்கும் பீகாக் பாஸுக்கு இளஞ்சிவப்பு மேல் ஆசையாம். அண்ணன் அடுத்த முள்ளை வைஸில் ஏற்றி, இளஞ்சிவப்பு மயிர்க்கற்றையை என்னிடம் நீட்டுகிறார்: “நீங்க கட்டுங்க தம்பி. பசை எங்கே இருக்குன்னு தெரியும்ல?”