எண்ணெய் வைக்கும் இடத்தில் ஒரு ஜன்னல்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட உட்காரும் அம்மாயி, நீட்டிய காலில் பிள்ளையைக் கிடத்தியதும் முதலில் உச்சிக்குழியைத்தான் தடவிப் பார்ப்பார். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். தொட்டால் மெத்தென்று துடிக்கும் அந்த இடத்தில் எலும்பு இன்னும் கூடவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் கூடிவிடும்.

பிள்ளையின் மூளையை ஸ்கேன் பார்க்கும் டாக்டரும் அங்கேதான் கை வைக்கிறார். எண்ணெய்க்குப் பதில் ஜெல். ஸ்கேன் கருவியின் ஒலியலை கெட்டி எலும்பைத் தாண்டித் தெளிவாகப் போகாது, உச்சிக்குழி வழியே போகும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம், கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். 

எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குத்தான் முக்கியம். மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளை ஒட்டி, புது நரம்பணுக்கள் பிறக்கும் திசு ஒன்று உண்டு. நிறைமாதம் நெருங்கும்போது அது கரைந்துவிடும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அது இன்னும் இருக்கும். அதன் ரத்தக்குழாய்களோ மிக மெல்லியவை. ரத்த ஓட்டம் ஏறி இறங்கினால் கசிந்துவிடும். கசிவு பெரும்பாலும் முதல் 3 நாளிலேயே நடக்கிறது. ஆனால் மூளையின் வெள்ளைப் பகுதி சேதமானால் அங்கே உண்டாகும் சிறு நீர்க்கட்டிகள் கண்ணுக்குத் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தும் டாக்டர் மறுபடி வரச் சொல்வது இதற்காகத்தான். காசு பிடுங்க அல்ல.

பிறந்ததும் அழாத, மூச்சுத் திணறிய பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. கூடுதலாகச் சொல்லும். வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றினால் பல பிள்ளைகள் அந்தக் கருவியின் இரைச்சலிலும் தூங்கிவிடுகிறார்கள்.

இதெல்லாம் பிறந்த பிள்ளையின் மூளையைப் பார்க்க. பிறப்பதற்கு முன்பே மூளை எப்படி உருவாகிறது என்பதற்கான வரைபடமும் சென்னையில் தயாராகியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்ற அந்த வரைபடத்தில், கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த 5,132 படங்கள் உள்ளன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பிள்ளையின் ஸ்கேன் படம் சுத்தமாக இருந்தாலும் வளர்ச்சியைக் கவனித்தே ஆகவேண்டும். குறைமாதப் பிள்ளையோடு வீடு திரும்புகிறவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் குறித்திருக்கும் மறுபரிசோதனைத் தேதியை, பிள்ளை நன்றாகப் பால் குடித்தாலும், தவறவிடாதீர்கள்.