நுரையீரலில் ஊசி: தடித்ததா, மெல்லியதா?

வாரக்கணக்கில் இருமல். சளியில் ரத்தக் கோடு. எக்ஸ்ரே எடுத்தால் ஒரு நிழல். "காசநோயாக இருக்கும்" என்று மாத்திரை தொடங்கிவிடுவது நம் நாட்டில் சகஜம். சளியில் கிருமி காணப்படாமலே மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு. எக்ஸ்ரே நிழலில் காசநோயும் புற்றுநோயும் சில சமயம் ஒன்று போலத் தெரியும். புற்றுநோயா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது சதைத் துணுக்குப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி.

பயாப்ஸி என்றதும் எழும் பயம், "ஊசி எவ்வளவு பெரிது?" என்பதே.

எண் கூடினால் ஊசி மெலியும்

கம்பி வேலை செய்பவர்களுக்கு 'கேஜ்' கணக்கு தெரிந்ததே. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். ஊசிக்கும் அதே கணக்குதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் கம்பி அளவிலிருந்து வந்தது அது. 18 கேஜ் ஊசியின் விட்டம் சுமார் 1.27 மி.மீ.; 20 கேஜ் 0.91 மி.மீ.; 22 கேஜ் 0.72 மி.மீ.

கட்டி நுரையீரலின் ஓரத்தில் இருந்தால், சி.டி. ஸ்கேன் பார்த்து, விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்துகிறார்கள். 22 கேஜ் போன்ற மெல்லிய ஊசி உயிரணுக்களை உறிஞ்சி எடுக்கும். 18 அல்லது 20 கேஜ் வெட்டு ஊசி, நூலிழை போன்ற சதைத் துண்டையே கொண்டு வரும். மூச்சுக்குழலை ஒட்டிய நெறிக்கட்டி என்றால், வாய் வழியாகக் குழாய் விட்டு 21 அல்லது 22 கேஜ் ஊசியால் எடுப்பது வழக்கம். இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே நோயைக் கண்டறிவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

எது மேல்?

புற்றுநோயா என்று மட்டும் அறிய மெல்லிய ஊசியே பல சமயம் போதும். ஆனால் இன்று அது மட்டும் போதாது. ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரைகள் உள்ளன. அந்தச் சோதனைக்குச் சதை வேண்டும். குறைந்தால் மறுபடி ஊசி, மறுபடி லீவு, மறுபடி செலவு!

தடித்த ஊசியில் சதை கூடுதல். ஆபத்தும் சற்றுக் கூடுதல். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவது வெட்டு ஊசியில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கும், மெல்லிய ஊசியில் ஐந்தில் ஒருவருக்கும் நேர்கிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சுமார் இருபதில் ஒருவருக்குக் குழாய் வைக்க வேண்டி வரும். பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டிருந்தாலும், கட்டி ஆழத்தில் இருந்தாலும் ஆபத்து அதிகம்.

ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பேச்சை நம்பி நாள் கடத்த வேண்டாம். அது மிக மிக அரிது. நாள் கடந்தால் நோய் முற்றுவதோ நிச்சயம்.

கவனிக்க வேண்டியவை

ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அன்றிரவே ஊருக்கு ரயில் ஏற வேண்டாம். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

"மரபணுச் சோதனைக்கும் இந்தச் சதை போதுமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். பரேல் டாடா நினைவு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சையைத் தொடர நினைப்பவர்கள் ரிப்போர்ட்டோடு கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். அந்த மெழுகில்தான் உங்கள் சதை இருக்கிறது. அது கையில் இருந்தால் இன்னொரு ஊசி தேவைப்படாமல் போகலாம்.