விமானக் கதவு திறந்த நேரம்

சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட் வான்வழியே சுமார் 7,600 கிலோமீட்டர். மகளின் பிரசவத்துக்காகப் பருப்புப்பொடியும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு கிளம்பும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று தோன்றும். விமானம் தாமதமானால் அவருக்கு எவ்வளவு பணம் வரும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தூரம்தான்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். நள்ளிரவு தாண்டி ஏறிக் காலையில் இறங்குவதாகத் தெரிந்தாலும் உட்காருவது ஏறக்குறைய பத்து மணி நேரம். நாலு மணி நேரத்தைத் தாண்டிய பயணங்களில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயப்பட வேண்டாம், இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

இனி பணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நாலு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 600 யூரோ. மூன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் என்றால் அதில் பாதியாகக் குறைக்கலாம். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில் வராது. கதவு திறந்து பயணிகள் இறங்கலாம் என்றான நேரமே 'வந்து சேர்ந்த' நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

இதில் ஒரு சூட்சுமம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் இந்த விதி உண்டு. இங்கிருந்து அங்கே போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. துபாய், தோஹா வழியாக வளைகுடா விமானத்தில் போகிறவருக்குப் போகும்போது இந்த உரிமை இல்லை, திரும்பும்போது உண்டு. நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

புயல், பனி போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. சாதாரண இயந்திரக் கோளாறு அந்தக் கணக்கில் சேராது. எதுவானாலும் காத்திருப்போருக்குச் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தந்தாக வேண்டும். கவுன்ட்டரில் வவுச்சரை நீட்டினால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பணத்துக்குப் பதில் அதைத் தர முடியாது.

நம் நாட்டு விதி கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, பயண நேரத்தைப் பார்க்கிறது. முன்னறிவிப்பின்றி ரத்தானால் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. வெறும் தாமதத்துக்கு இங்கே ரொக்கம் இல்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பொதுவாகத் தாங்களே பொறுப்பு. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் கடமை.

போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். கதவு திறந்ததும் கைப்பேசியில் நேரம் தெரிய ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஜெர்மன் சட்டத்தில் இந்த இழப்பீட்டைக் கேட்க, பயணம் செய்த ஆண்டு முடிந்த பிறகும் மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.