நீளக் கோட்டுக்காரனை நம்பலாமா?

இருண்ட சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்றதும் மழை பெய்யும் ஒரு சந்தும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவனைச் சுவரில் சாத்தும் நாயகனும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். பழைய நாயகன் சிரிப்பான், இவன் சிரிக்க மாட்டான். ரத்தம் கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் அவ்வளவுதானா? டீ ஆறுவதற்குள் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்துவிடலாம். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87இல் 12 இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’.

அதற்கு முன் அமெரிக்கக் காமிக்ஸ் உலகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1954இல் பதிப்பாளர்களே கூடித் தங்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். எந்தக் கதையிலும் கடைசியில் நன்மைதான் ஜெயிக்க வேண்டும். போலீஸையும் நீதிபதியையும் மட்டமாகக் காட்டக் கூடாது. பின்னாளில் இந்தப் பிடி தளர்ந்தது. ஆனாலும் முகமூடி போட்டவன் நல்லவன்தான் என்ற நம்பிக்கையை மட்டும் யாரும் பெரிதாகக் கிளறவில்லை.

கெட்டவன் நாயகனாவது நமக்குப் புதிதல்ல. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியையும் லயன் காமிக்ஸில் ஸ்பைடரையும் படித்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 1960களில் பிரிட்டனில் பிறந்தபோது இருவருமே சட்டத்தின் எதிர்ப்பக்கம் நின்றவர்கள்தான். பிறகு திருந்தி இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தக் கதைகளை யாரும் இருண்டவை என்று சொல்வதில்லை. அப்படியானால் இருட்டு வேறெங்கோ இருக்கிறது.

நம் தெருவில் ஒரு ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகவே ராத்திரியில் முகத்தை மூடிக்கொண்டு, கையில் கம்புடன் கிளம்பி, திருடன் என்று தனக்குத் தோன்றியவனை அடித்துக் கையை உடைக்கிறார். முதல் மாதம் நமக்குச் சந்தோஷம். இரண்டாவது மாதம், யார் திருடன் என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வி வரும். மூன்றாவது மாதம், இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று, இவர் ஏன் வீட்டில் தூங்குவதில்லை என்று கேட்போம். மூர் தொடங்குவது அந்த மூன்றாவது மாதத்திலிருந்து.

அவர் படைத்த முகமூடிக்காரர்களில் புகழ்பெற்றவன் ரோர்ஷாக். கசங்கிய நீளக் கோட்டு, தொப்பி, வெள்ளைத் துணியில் கறுப்பு மைக்கறை நகர்ந்துகொண்டே இருக்கும் முகமூடி. கறுப்பும் வெள்ளையும் எப்போதும் கலப்பதில்லை. சாம்பல் நிறம் அதில் வருவதே இல்லை. அவன் மனசும் அப்படித்தான். ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ, நல்லதும் கெட்டதும் ஒருநாளும் சேராது என்று உறுதியாக நம்பியவர். அவர் படைத்த நாயகர்களை மனதில் வைத்துத்தான் மூர் ரோர்ஷாக்கைச் செய்தார்.

இங்கேதான் வாசகர்களில் பலர் சறுக்குகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் வளைந்துகொடுக்கும்போது இவன் ஒருவன்தான் வளையாதவன், ஆகவே கதாநாயகன் இவன்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் ரோர்ஷாக் மாதிரிதான் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்து மூரே திகைத்துப்போயிருக்கிறார். அவனை ஒரு எச்சரிக்கையாகத்தான் அவர் எழுதினார்.

வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. புத்தகம் திறப்பதே ரோர்ஷாக்கின் டைரியோடுதான். அவன் கண் வழியாகவே அந்த நகரத்துக்குள் நுழைகிறோம். முதல் பக்கத்தை உற்றுப் பாருங்கள். நடைபாதையில் கொட்டிய ரத்தத்தை ஒருவர் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுகிறார். உலகம் அழியப்போகிறது என்ற பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு செம்பட்டைத் தலையன் அந்த ரத்தத்தை மிதித்துக்கொண்டு போகிறான். நாம் அவனைக் கண்டுகொள்வதே இல்லை. முகமூடி இல்லாத ரோர்ஷாக் அவன்தான் என்பது பல இதழ்கள் கழித்தே நமக்குத் தெரியவருகிறது. டைரியும் அதை எழுதியவனும் ஒரே பக்கத்தில் இருந்தும், கம்பீரமான குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம்.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் மன்னிக்கவும், புத்தகத்துக்கு 40 வயது நெருங்கிவிட்டது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிற்கின்றன. ஓசிமாண்டியாஸ் என்ற மகா புத்திசாலி நாயகன், வேற்றுக்கிரகத் தாக்குதல் போல ஒன்றை ஜோடித்து நியூயார்க்கில் பல லட்சம் பேரைக் கொல்கிறான். பொது எதிரிக்குப் பயந்து இரண்டு நாடுகளும் சமாதானமாகின்றன. உண்மையைச் சொன்னால் மறுபடி போர்தான் என்று மற்ற நாயகர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ரோர்ஷாக் மட்டும் மறுக்கிறான். அண்டார்டிகா பனியில், சக நாயகனான டாக்டர் மன்ஹாட்டன் கையால் சாகிறான். அந்த இடத்தில் நம் மனசு அவன் பக்கம் சாய்கிறது. சாயத்தான் செய்யும், அந்தக் காட்சி அத்தனை வலுவானது.

ஆனால் முதல் 11 இதழ்கள் ஒவ்வொன்றின் கடைசியிலும் படக்கதை முடிந்தபின் சில பக்கங்கள் உண்டு: கடிதம், கட்டுரை, மருத்துவக் குறிப்பு என்று வெறும் எழுத்து. படம் இல்லையே என்று நம்மில் பலர் தாண்டிவிடுகிறோம். ஆறாவது இதழின் அந்தப் பக்கங்களில், ரோர்ஷாக் 11 வயதுப் பையனாகப் பள்ளியில் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஜனாதிபதி ட்ரூமனைத் தனக்குப் பிடிக்கும் என்கிறான் பையன். ஏனென்றால் அவர் ஜப்பான்மேல் அணுகுண்டு போட்டார். போடாவிட்டால் போர் நீண்டு இன்னும் நிறையப் பேர் செத்திருப்பார்கள்.

ஓசிமாண்டியாஸ் சொல்லும் கணக்கும் இதுவேதான். வளர்ந்தபின்னும் ட்ரூமன்மேல் ரோர்ஷாக்குக்கு மரியாதை குறையவில்லை. டைரியின் முதல் பக்கத்திலேயே அவரை நல்ல மனிதர் என்று எழுதிவைத்திருக்கிறான். பையனின் கட்டுரைக்கு மூர் ஒரு வரிகூட விளக்கம் சேர்க்கவில்லை. ஆறாவது இதழிலேயே அதை வைத்துவிட்டு, பன்னிரண்டாவதில் நம்மை அவனுக்காக அழ விடுகிறார்.