மாடியில் சூரிய மின்சாரம்: மழை நாளிலும் பாதுகாப்பானதா?



தக்காளிச் சந்தைக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் பெயர்பெற்ற தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் உங்கள் இல்லம் இருப்பதாகக் கொள்வோம். வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சூரிய மின் அமைப்பு நிறுவுவோருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. மின்கட்டணச் சுமை குறையும் என்று நீங்களும் பலகைகளைப் பொருத்திவிட்டீர்கள். மகிழ்ச்சி!

ஆனால், அதே மாடியில்தான் நம் வீட்டுப் பெண்கள் வற்றல் காயவைக்கிறார்கள், ஈரத்துணி உலர்த்துகிறார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஆறு பலகைகளை வரிசையாக இணைத்தால் மின்னழுத்தம் 300 வோல்ட்டை நெருங்கும். கீழே மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் உள்ளவரை பலகைகளில் மின்னழுத்தம் அடங்குவதில்லை. அது அலுமினியச் சட்டத்தில் கசிந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தரச்சான்றுக்கான ஆய்வகத்தில் பலகையை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, மின்னழுத்தம் கொடுத்துக் கசிவை அளக்கிறார்கள். இரண்டு சதுர மீட்டர் பலகை என்றால், அதன் மின்காப்புத் தடை 20 மெகா ஓமுக்குக் குறையலாகாது. ஆயினும் அச்சான்று பலகைக்கு மட்டுமே உரியது. உங்கள் மாடியில் இழுக்கப்பட்ட கம்பிகளுக்கு அன்று. சட்டத்தில் உரசித் தோல் கிழிந்த கம்பி, சரியாகப் பூட்டாத இணைப்பு, எலி கடித்த உறை, ஏற்றி இறக்குகையில் விரிசல் கண்ட பலகை ஆகிய யாவும் பிற்பாடு நேர்பவை.

ஆகவே, வேலை முடிந்ததும் மெக்கர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு அமைப்புக்கு 500 வோல்ட் கொடுத்துச் சோதிப்பது முறை. தடை ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் பழுது உண்டென்று பொருள். பலகைகளை நனைத்த பின்னும் ஒருமுறை அளப்பது நலம். காய்ந்திருக்கையில் ஒளிந்துகொள்ளும் குறை, நீர் பட்டதும் வெளிப்படும். இது தேர்ந்த பணியாளர் செய்யவேண்டிய சோதனை; நாமே முயலலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்வெர்ட்டர் காலைதோறும் மின்காப்பைத் தானே சோதித்த பின்னரே இயங்கத் தொடங்குகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் அது மின்காப்புக் குறை என அறிவித்து நின்றுவிட்டு, வெயில் ஏறியதும் தானே இயங்கத் தொடங்கினால், "சரியாகிவிட்டது" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஈரம்தான் காய்ந்தது, குறை அப்படியே இருக்கிறது! பழுது நீங்கும்வரை எவரும் பலகைகளின் அருகே செல்லவேண்டாம். சட்டத்தில் துணிக்கொடி கட்டுவதோ, எர்த் கம்பியைக் கழற்றுவதோ ஒருபோதும் கூடாது.

கடைசித் தவணையைச் செலுத்துமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எத்தனை மெகா ஓம்?" அந்த எண்ணைத் தேதியுடன் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாடியேறும் பிள்ளைகளுக்கு நீங்கள் அளிக்கும் பாதுகாப்பு அது.